கை 'கம்முனு' இருந்தா காத்திருக்காதீங்க! டயாலிசிஸ் நோயாளிகளின் உயிர்வழியைக் காப்பது எப்படி?

மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையில் நடந்தால் காதில் முதலில் விழுவது உளிச் சத்தம்தான். என் பெரியப்பாவும் அந்தச் சத்தத்துக்கு நடுவே 40 வருடம் உட்கார்ந்து கல் செதுக்கியவர். வலது கையில் சுத்தியல், இடது கையில் உளி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து அவருடைய சிறுநீரகங்களைச் செயலிழக்க வைத்த பிறகு, அந்த இடது கைக்கு வேறு வேலை வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ரத்தம் கொடுத்து வாங்குகிற வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தவர், "இன்னிக்குக் கை கம்முனு இருக்குதே" என்றார். "செவ்வாக்கெழமை எப்படியும் போகத்தானே போறோம், அங்க கேட்டுக்கலாம்" என்றார் பெரியம்மா. வீட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ் கையைத் தொட்டதுமே முகம் மாறினார். உள்ளே ரத்தம் உறைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மருத்துவர்கள் முயன்றும் அந்த வழியைத் திறக்க முடியவில்லை. மறுபடியும் கழுத்தில் ட்யூப், மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்த இரண்டு நாளின் விலை என்ன என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

டயாலிசிஸ் என்றால் எல்லோரும் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால், ரத்தம் போய்வர ஒரு நல்ல வழி உடம்பில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தும் பயன் இல்லை.

இயந்திரம் முதலில் வந்தது... வழி பிறகுதான் வந்தது!

1943-ல் நெதர்லாந்தில் டாக்டர் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயைத் திறந்துதான் இயந்திரத்தோடு இணைக்க வேண்டியிருந்தது. அவருடைய முதல் நோயாளி 29 வயதுப் பெண். 12 முறை டயாலிசிஸ் செய்தார்கள். அதன்பின் ஊசி செலுத்த ரத்தக்குழாயே மிச்சமில்லை. இயந்திரம் வேலை செய்தது, வழிதான் தீர்ந்துபோனது.

1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தினார். அந்தக் குழாயோடு டயாலிசிஸ் தொடங்கிய முதல் நோயாளி 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். ஆனால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் ரத்தம் உறைவதும் கிருமி தொற்றுவதும் ஓயாத தொல்லை. 1966-ல் நியூயார்க்கின் டாக்டர்கள் பிரெஸ்சியா, சிமினோ குழுவினர் வேறொரு வழியைச் சொன்னார்கள்: வெளியிலிருந்து குழாய் எதற்கு, உடம்பின் ரத்தக்குழாயையே தயார்செய்தால் என்ன? அதுதான் இன்றும் உலகம் முழுக்கச் செய்யப்படும் ஏ.வி ஃபிஸ்டுலா.

ஃபிஸ்டுலா என்றால் என்ன?

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் ரத்தத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மணி நேரத்தில் 72 லிட்டர்! உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். அதே ரத்தம் திரும்பத் திரும்பப் போய்வருகிறது. கையில் சாதாரணமாகத் தெரியும் சிரையால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தெருக்குழாயில் மோட்டார் போட்டு இழுப்பது போல் ஆகிவிடும்.

அதனால், இதயத்திலிருந்து வேகமாக ரத்தம் கொண்டுவரும் தமனியை, பக்கத்திலிருக்கும் சிரையோடு சிறிய ஆபரேஷன் மூலம் இணைக்கிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய, அது மெள்ள மெள்ளப் பருத்து, சுவர் தடித்து, ஊசி தாங்கும் அளவுக்குத் தயாராகிறது. இதற்குப் பொதுவாக 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகலாம். சிலருக்குத் தயாராகாமலே போவதும் உண்டு.

நன்றாக இயங்கும் ஃபிஸ்டுலா மீது விரல் வைத்தால் பூனை 'குர்ர்' என்பது போல ஓர் அதிர்வு தெரியும். அதுதான் உயிர்வழி திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

சிரை பொருந்தாதவர்களுக்கு கிராஃப்ட் எனும் செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அவசரத்துக்குக் கழுத்தில் போடப்படுவது கதீட்டர். உடனே பயன்படுத்தலாம் என்பது அதன் நன்மை. கிருமித்தொற்று அபாயம் அதிகம் என்பது அதன் குறை. தோள்பட்டைக்கு அடியிலோ கழுத்திலோ ட்யூப் நெடுநாள் இருந்தால் நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய சிரை சுருங்கி, பிற்பாடு அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா போட்டாலும் கை வீங்கிப்போகலாம்.

ஏன் பழுதாகிறது?

வாரம் 2 டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 2 ஊசி என்றால் வருடத்துக்கு 208 ஊசிகள். வாரம் 3 என்றால் 312. அதுவும் சாதாரண ஊசியல்ல, தடித்த ஊசி. வலி குறைவு என்று ஒரே இடத்தில் குத்தச் சொன்னால், அங்கே சுவர் பலவீனமாகி பலூன் போலப் புடைக்கிறது. இடம் மாற்றி மாற்றிக் குத்திக்கொள்வதுதான் பொதுவாக நல்லது.

இன்னொரு பிரச்னை, சுருக்கம். தமனியும் சிரையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்சுவர் தடித்து, பாதை குறுகுகிறது. ரத்த ஓட்டம் குறையக் குறைய, ஒருநாள் அங்கே ரத்தம் உறைந்துவிடுகிறது. டயாலிசிஸுக்குப் பிறகு ரத்த அழுத்தம் மிகவும் இறங்குவது, அந்தக் கையின் மேலே படுத்துத் தூங்குவது, இறுக்கமான கட்டு... இவையும் உறைதலைத் தூண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், சுருக்கத்தை முன்பே கண்டுபிடித்தால் டாப்ளர் ஸ்கேன் பார்த்து, பலூன் ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் பெரும்பாலும் சரிசெய்ய முடியும். உறைந்துவிட்டாலும் முதல் ஓரிரு நாளுக்குள் போனால் மீட்க வாய்ப்பு இருக்கிறது. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறைகிறது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால்...

* அதிர்வு நின்றுவிட்டால் அல்லது வெறும் நாடித்துடிப்பு போல மாறினால்: அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்காமல் அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஞாயிறாக இருந்தாலும் சரி, பண்டிகையாக இருந்தாலும் சரி.
* ஊசி எடுத்த பிறகு வழக்கத்தைவிட அதிக நேரம் ரத்தம் கசிந்தால், கை வீங்கினால்: மேலே எங்கோ பாதை குறுகியிருக்கலாம்.
* சிவப்பு, சீழ், காய்ச்சல், டயாலிசிஸின்போது நடுக்கம்: கிருமித்தொற்றாக இருக்கலாம். கதீட்டர் உள்ளவர்கள் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது.
* விரல்கள் சில்லிட்டு, மரத்து, வலித்தால்: விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா இழுத்துக்கொள்கிறது. சர்க்கரை உள்ளவர்களிடம் இது அதிகம்.
* புடைப்பின் மேல் தோல் மெலிந்து பளபளத்தால், புண் ஆறாமல் இருந்தால்: திடீரென வெடித்து ரத்தம் பீறிடலாம். அப்படி நடந்தால் துண்டு மேல் துண்டாகச் சுற்றிக்கொண்டிருக்காமல், ரத்தம் வரும் புள்ளியையே விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐ அழைக்க வேண்டும்.

அந்தக் கையைக் கண்போலக் காக்க வேண்டும்!

ஃபிஸ்டுலா போட்ட கையில் பி.பி பார்க்கக் கூடாது, ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தக் கூடாது, டிரிப்ஸ் ஏற்றக் கூடாது. இறுக்கமான வளையல், வாட்ச் வேண்டாம். தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்க வேண்டாம். மருத்துவர் சொன்ன பிறகு மென்பந்தைப் பிசையும் பயிற்சி செய்யலாம். காலையில் பல் தேய்ப்பது போல, தினமும் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும். வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள்.

பொதுவாக அதிகம் பயன்படுத்தாத கையில்தான் ஃபிஸ்டுலா போடுகிறார்கள். ஆனால் சிற்பிக்கு இரண்டு கையும் தொழில் கைதான். வலை இழுக்கும் மீனவருக்கும் அப்படியே. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் வேலை என்ன என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

டயாலிசிஸ் தொடங்கும் முன்பே...

சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்தே இடது கைச் சிரைகளைச் சேமிக்கத் தொடங்க வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் புறங்கையைக் காட்டுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் அளவு 20-க்குக் கீழே இறங்கும்போதே ஃபிஸ்டுலா பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பெரியப்பாவைப் போல, மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் போய்க் கழுத்தில் ட்யூபோடு தொடங்குவதைத் தவிர்க்க இதுதான் வழி.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ தூரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறையே உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஃபிஸ்டுலா ஆபரேஷன், பலூன் சிகிச்சை இவற்றுக்கு உங்கள் அட்டையில் என்ன கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கையில் வழியே இல்லை என்பவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் ஒரு மாற்று. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பெரியப்பாவுக்கு இப்போது முழங்கைக்கு மேலே புதிய ஃபிஸ்டுலா. கல் வேலை நின்றுவிட்டது. பட்டறைக்குப் போய் பையன்களின் வேலையைப் பார்த்து, கோடு கோணினால் மட்டும் திட்டுகிறார். தினமும் காலையில் காபி டம்ளரோடு வரும் பெரியம்மா, முதலில் அவர் கையில்தான் விரல் வைக்கிறார். 'குர்ர்' என்று அதிர்ந்தால்தான் காபி டம்ளர் கைமாறும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருந்தால், இன்றே ஒருமுறை தொட்டுப் பாருங்கள்!