குடும்பத் திட்டமிடலும் தாயின் விருப்பும்

ஒரு சமூகத்தின் சுகாதார நிலையை அளந்தறிய விரும்புவோர் முதலில் நோக்குவது, அச்சமூகத்தில் மகப்பேற்றின் காரணமாக எத்தனை தாய்மார் உயிரிழக்கின்றனர் என்பதையே. இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010 இன் பின்னர் பெரும்பாலான ஆண்டுகளில் அத்தொகை 40க்குக் கீழேயே இருந்து வந்துள்ளது. செல்வந்த நாடொன்று அல்லாத இலங்கை ஈட்டிய இவ்வெற்றியை உலக நாடுகள் வியந்து நோக்குகின்றன. ஆயினும் இவ்வெற்றியின் ஓர் அங்கமாகிய குடும்பத் திட்டமிடல் பற்றி எமது மக்கள் மத்தியில் இன்னமும் ஐயமும் அச்சமும் நிலவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. அதனைச் சற்று விரிவாக ஆராய்வது பொருத்தமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நவீன மகப்பேற்று மருத்துவம் புதியதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலொன்று 1857 இல் அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தது. 1898 இல் இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனவே ஆரம்பிக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய பெண்கள், பெண் வைத்தியர்கள் பணிபுரிந்த அந்த மனையின் படியேறினர். தாய்மொழியில் விளக்கம், பெண்ணின் கூச்சத்துக்கு மதிப்பு என்னும் இவ்விரண்டையும் எமது முன்னோர் அன்றே கண்டறிந்திருந்தனர் எனலாம்.

இன்றைய தாய்மைப் பராமரிப்பின் அச்சாணியாக விளங்குபவர் குடும்பநல உத்தியோகத்தரே. மக்கள் அவரை மருத்துவிச்சி என்றே அழைக்கின்றனர். ஏறக்குறைய 3000 பேர் வாழும் பிரிவொன்றுக்கு ஒருவர் என்பது நியமம். திருமணமான தம்பதியரைப் பதிவு செய்வதிலிருந்து அவரது பணி தொடங்குகின்றது. கருத்தரிக்கும் முன்னரே போலிக் அமில மாத்திரை வழங்குதல், ருபெல்லாத் தடுப்பூசி பெற்றுள்ளாரா எனப் பார்த்தல், கருவுற்ற எட்டு வாரங்களுக்குள் தாயைப் பதிவு செய்தல் ஆகியன அவரது கடமைகளாம். அதன் பின்னர் நிறை, குருதியமுக்கம், குருதிச்சோகை, நீரிழிவு, சிசுவின் வளர்ச்சி என்பன கிளினிக்கில் ஒழுங்காகப் பரிசோதிக்கப்படுகின்றன. எயிட்ஸ், சிபிலிஸ் நோய்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அங்கீகரித்தமைக்கு இப்பரிசோதனைகளே காரணம்.

பிள்ளை பிறந்த பின்னரும் பணி முடிவதில்லை. முதல் பத்து நாள்களுக்குள் இரு தடவையும், பின்னர் மூன்றாம் வாரமளவிலும், ஆறாம் வாரமளவிலும் அவர் வீடு தேடி வருகின்றார். குருதிப்பெருக்கும் கிருமித்தொற்றும் உயர் குருதியமுக்கமும் மகப்பேற்றின் பின்னான நாள்களிலேயே பல உயிர்களைப் பறிக்கின்றன என்பதால் இவ்வருகை இன்றியமையாதது. கடுந்தலையிடி, பார்வை மங்குதல், வலிப்பு, மூச்சுத் திணறல், காய்ச்சல், மிகையான குருதிப்போக்கு என்பவற்றுள் எதுவும் தோன்றினால் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தாய் மரணங்களை ஆராய்ந்தோர் மூன்று தாமதங்களைச் சுட்டுவர். முடிவெடுப்பதில் தாமதம், வைத்தியசாலையை அடைவதில் தாமதம், அங்கு தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பனவே அவை. இவற்றுள் இரண்டாவதன் பொருளை நெடுந்தீவு மக்களைவிட நன்கறிந்தவர் இலர். குறிகட்டுவான் துறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம் செய்த பின்னரே அவர்கள் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியைத் தொடவேண்டியுள்ளது. கடல் கொந்தளிக்கும் இரவில் குருதி பெருகும் தாய்க்கு அந்த ஒரு மணி நேரம் உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்டதாகும்.

இத்தகைய ஆபத்துக்களைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றே குடும்பத் திட்டமிடல். ஒரு பிள்ளை பிறந்து இரண்டாண்டுகளாவது கழிந்த பின்னரே அடுத்த கருத்தரிப்பு நிகழ்வது நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இடைவெளி குறையும்போது தாயின் இரும்புச்சத்து மீள்வதில்லை. பிள்ளை குறைமாதத்திலும் நிறை குறைந்தும் பிறக்கும் வாய்ப்பு மிகுகின்றது. இருதய நோயுள்ள பெண்ணுக்கோ ஒவ்வொரு கருத்தரிப்பும் உயிராபத்தாகும். மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றப்படும் ஊசி, லூப், தோலின் கீழ் வைக்கப்படும் கருத்தடைக் குச்சி, ஆணுறை ஆகியன தற்காலிக முறைகள். இவற்றை நிறுத்தினால் மீண்டும் கருத்தரிக்கலாம். ஊசியை நிறுத்தியோருக்கு அதற்குச் சில மாதங்கள் செல்லக்கூடும். பெண்ணுக்கோ ஆணுக்கோ செய்யப்படும் சத்திரசிகிச்சை மட்டுமே நிரந்தரமானது. பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதியரை உரிய சிகிச்சைக்கு வழிப்படுத்துவதும் இச்சேவையின் பகுதியே என்பதைப் பலர் அறிவதில்லை.

அவ்வாறாயின் ஐயம் எங்கிருந்து எழுந்தது? போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையையும் இடப்பெயர்வுகளையும் கண்ட எமது மக்கள், எண்ணிக்கையை உயிரோடு இணைத்தே சிந்திக்கப் பழகிவிட்டனர். 1990 ஒக்டோபரில் குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இரவோடிரவாக இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் கர்ப்பிணிகளையும் பச்சிளம் குழந்தைகளையும் சுமந்தே சென்றனர். நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வில் வட மாகாணம் முழுமையாக உள்ளடக்கப்பட்டதே 2016 இல்தான். இத்தனை காலம் கணக்கில் வராத மக்கள், தமது பிறப்பு வீதம் பற்றி அரசு பேசும்போது ஐயுறுவது இயல்பே.

அந்த ஐயத்துக்கு வலுச்சேர்த்த நிகழ்வொன்று 2013 ஓகஸ்ட் மாத இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தில் இடம்பெற்றது. வேரவில், வலைப்பாடு, கிராஞ்சி ஆகிய கிராமங்களின் தாய்மாருக்குப் போதிய விளக்கமும் சுதந்திரமான சம்மதமும் இன்றிக் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு பெண்ணின் உடலில் அவளது அறிவார்ந்த சம்மதமின்றி எது செய்யப்படினும் அது பராமரிப்பு ஆகாது. உரிமை மீறலே ஆகும்.

மறுபுறத்தில், ஆதாரமற்ற வதந்தியும் அதேயளவு கேடு விளைவித்துள்ளது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாகக் கதை கட்டிப் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அங்கு காணப்பட்டது வெறும் மாக்கட்டி என அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தார். 2019 இல் குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி, சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். ஆதாரம் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. 2022 இல் தமக்குக் கிடைத்த சம்பள நிலுவையை, நாடு மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த வேளையில், மருந்து கொள்வனவுக்கென அவர் சுகாதார அமைச்சுக்கே வழங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

சம்மதமற்ற சிகிச்சையும் ஆதாரமற்ற வதந்தியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. இரண்டின் விலையையும் செலுத்துபவள் கிளினிக்குக்குச் செல்ல அஞ்சி வீட்டில் தங்கிவிடும் தாயே.

தமிழர் தொகை குறைகின்றது என்ற கவலை எம்மிடையே அடிக்கடி ஒலிக்கின்றது. அக்கவலைக்குக் காரணங்கள் உண்டு. போர் கொண்டுபோன உயிர்கள், புலம்பெயர்வு, பிந்திய திருமணம், வாழ்க்கைச் செலவு என்பன அவற்றுட் சில. இவற்றுக்கெல்லாம் பரிகாரமாக, குருதிச்சோகையால் வாடும் பெண்ணொருத்தியிடம் ஆண்டுக்கொரு பிள்ளையைக் கோருவது எவ்வகையில் நியாயமாகும்? பிறந்த பிள்ளையும் பெற்ற தாயும் பிழைத்திருப்பதே சமூகத்தின் பெருக்கத்துக்கு முதற்படி.

மார்க்கம் இதற்குத் தடை என்ற கருத்தும் முஸ்லிம் மக்களில் ஒரு சாராரிடம் உண்டு. தற்காலிகமாகக் கருத்தரிப்பைத் தவிர்ப்பது பற்றி இஸ்லாமிய அறிஞர்கள் நூற்றாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். அதனை அனுமதித்தோருள் இமாம் கஸ்ஸாலியும் ஒருவர். குழந்தைக்கு இரண்டாண்டுகள் பாலூட்டுவது பற்றிக் குர்ஆனும் பேசுகின்றது. நிரந்தரக் கருத்தடை பற்றி மார்க்க அறிஞர்களிடம் கடுமையான நிலைப்பாடுகள் இருப்பினும், பிள்ளைகளுக்கிடையே இடைவெளி பேணுவது அதனின்றும் வேறானது. உலமாக்களும் வைத்தியர்களும் ஒருமித்து இவ்வேறுபாட்டை விளக்குதல் நன்று.

செய்யவேண்டியவை தெளிவானவை. வெற்றிடமாகவுள்ள பிரிவுகளுக்குத் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்களை நியமிக்க வேண்டும். புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வாழ்வைப் பகிர்ந்துகொண்டுள்ள முஸ்லிம் குடும்பங்களின் தாய்மார் எந்தப் பதிவிலும் விடுபடாதிருத்தல் வேண்டும். தீவகத்துக்கு இரவிலும் புறப்படக்கூடிய நோயாளர் படகு உறுதி செய்யப்பட வேண்டும். எந்தக் கருத்தடை முறையாயினும், அதன் பயனும் பக்கவிளைவும் தமிழில் விளக்கப்பட்டு, சிந்திக்க அவகாசம் அளிக்கப்பட்டு, மறுப்பதற்கும் இடைநிறுத்துவதற்கும் உரிமை உண்டென்பது சொல்லப்பட்ட பின்னரே வழங்கப்படல் வேண்டும். மனைவியைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் கணவன்மாரும் உள்ளே சென்று செவிமடுக்கப் பழக வேண்டும்.

எத்தனை பிள்ளைகள், எப்போது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அரசுக்கோ, அரசியலாளருக்கோ, ஊராருக்கோ உரியதன்று. அது தாய்க்கும் அவளது துணைவருக்கும் உரியது. அவ்வுரிமையை இருசாராரும் மதிக்கும் நாளில் கிளினிக்குக்குச் செல்லும் எமது பெண்களின் அச்சம் தானே அகலும் என்பது எமது நம்பிக்கை.