திறனில் பாதி, மின்சாரத்தில் கால்

2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அப்போது இந்தியாவின் மின் நிறுவுதிறன் ஏறத்தாழ 485 ஜிகாவாட். அதில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் சாராதது. பாரிஸ் ஒப்பந்தத்தின்படி 2030க்குள் எட்ட வேண்டிய இலக்கு, ஐந்தாண்டு முன்பே கைகூடியிருக்கிறது. உண்மையிலேயே பெரிய சாதனை இது.

ஆனால் தலைப்பை மட்டும் படித்தவர், வீட்டில் எரியும் விளக்குகளில் பாதி சூரியனாலும் காற்றாலும் எரிவதாகத்தான் நினைத்திருப்பார். நிலவரம் வேறு. 2024-25இல் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது.

இரண்டும் உண்மையே. மெகாவாட் என்பது நிலையத்தின் திறன். யூனிட் என்பது அது தந்த மின்சாரம். 500 மெகாவாட் சூரியமின் பூங்கா, நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 20 லட்சம் யூனிட் தரும். அதே திறனுள்ள அனல்மின் நிலையம், மூன்றில் இரு பங்கு திறனில் ஓடினாலே 80 லட்சம் யூனிட் தந்துவிடும். இரவிலும் அது ஓடும். காற்றாலைக்கோ பருவமே எல்லாம்: ஆரல்வாய்மொழிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை சுழன்று தள்ளுபவை, மற்ற மாதங்களில் பெரிதும் ஓய்ந்துவிடுகின்றன.

திறப்பு விழாச் செய்திக்குறிப்பில் மெகாவாட்டும் முதலீட்டுத் தொகையும் தவறாமல் இருக்கும். அவற்றை அப்படியே அச்சேற்றுவதோடு தம் வேலை முடிந்ததாகப் பத்திரிகைகள் நினைப்பதுதான் என் கவலை. ஆண்டுக்கு எத்தனை யூனிட், எந்த நேரத்தில், மாலை ஏழு மணிக்கு என்ன ஏற்பாடு? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால் அதே செய்தி வாசகருக்குப் பயன்படும்.

கேட்காமல் விட்டால் பாதிப்பு இரண்டு பக்கமும் உண்டு. பாதி மாறிவிட்டது என்று நம்புபவருக்கு, மாற்றத்தின் கடினமான பகுதி இனிமேல்தான் என்பது தெரியாது. அவரே மாலையில் மின்வெட்டு வந்தால் சோலாரே ஏமாற்று வேலை என்று முடிவுகட்டிவிடுவார். சூரியனைக் குறை சொல்லிப் பயனில்லை. பகலில் மிஞ்சுவதைச் சேமிக்கும் வசதிதான் போதவில்லை.

நீலகிரியின் குந்தாவில் கட்டப்படும் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டத்தின் பயனே அதுதான். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை எகிறும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். பகலில் குறைவாகவும் மாலை உச்ச நேரத்தில் கூடுதலாகவும் மின்கட்டணம் வசூலிக்கும் முறைக்கும் காரணம் இந்தச் சேமிப்புப் பற்றாக்குறையே. 2023இல் ஒன்றிய அரசு விதிகளைத் திருத்தி அதற்கு வழி செய்திருக்கிறது. காரணத்தை முன்கூட்டியே விளக்காவிட்டால், பில்லைப் பார்க்கும் குடும்பத்துக்கு அது வெறும் கட்டண உயர்வாகத்தான் தெரியும்.