நால்வரில் யார் கெட்டிக்காரர்?

குவீன் என்றால் ஃபிரெட்டி மெர்குரிதான் என்கிறார்கள் ரசிகர்கள். ராயல்டி கணக்கு வேறு கதை சொல்கிறது.

ராக் இசைப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது: குழுவில் யார் பெரிய திறமைசாலி? பீட்டில்ஸ் என்றால் லெனன் கட்சி, மெக்கார்ட்னி கட்சி என்று பிரிந்து விடிய விடியப் பேசுவார்கள். குவீன் என்று வந்தால் மட்டும் ஒரே நிமிடத்தில் தீர்ப்பாகிவிடும். ஃபிரெட்டி மெர்குரி, வேறு யார்?

மெர்குரிக்காக வாதாடுவது சுலபம். 1946இல் ஸான்ஸிபாரில் ஒரு பார்ஸி குடும்பத்தில் ஃபரோக் புல்ஸாராவாகப் பிறந்தவர். மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோதே பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு நடத்தியவர். 1985 ஜூலை 13 அன்று எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் கச்சேரியில், இருபது நிமிடச் சொச்சத்தில் 70,000 பேரைத் தன் கையசைவுக்கு ஆட வைத்தார். 2016இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவரது குரலை அளந்தே பார்த்துவிட்டார்கள். நான்கு ஸ்தாயி பாடுவார் என்ற புகழுக்கு ஆதாரம் அகப்படவில்லை. ஆனால் நீட்டிப் பாடும்போது குரலில் எழும் நடுக்கம், வழக்கமான பாடகர்களுக்கு இருப்பதைவிட வேகமானது என்று தெரிந்தது.

ஆனால் பாட்டை எழுதியது யார் என்று கேட்டால் விஷயம் சிக்கலாகிறது. அமெரிக்கப் பட்டியலில் குவீன் முதலிடம் பிடித்தது இரண்டே பாடல்களால், இரண்டும் 1980இல். ஒன்று மெர்குரி எழுதிய 'க்ரேஸி லிட்டில் திங் கால்டு லவ்'. மற்றது 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'. அதை எழுதியவர் மேடையில் ஓரமாக நின்று பேஸ் கிட்டார் வாசித்த, குழுவிலேயே இளையவரான ஜான் டீக்கன். 'வீ வில் ராக் யூ' கிட்டார் கலைஞர் பிரையன் மேயுடையது. 'ரேடியோ கா கா' டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லருடையது. நால்வருமே வெற்றிப் பாடல் எழுதிய ராக் குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனவே யார் திறமைசாலி என்ற சண்டை ரசிகர்களுக்கு முன்பே குழுவுக்குள் நடந்தது, அதுவும் பணத்தை வைத்து. 1975இல் வந்த 'பொஹீமியன் ராப்ஸடி' மெர்குரியின் படைப்பு. பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்ததோ டெய்லர் தன் கார் மோகத்தைப் பாடிய ஒரு பாட்டு. தட்டை வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்களோ! ஆனால் விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் இரு பக்கத்துக்கும் ஒரே ராயல்டி. மற்றவர்களுக்கு அது பல வருடங்கள் உறுத்தியது. (மெர்குரியின் பாட்டில் உச்சத்தில் கேட்கும் குரல் டெய்லருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

மேயின் திறமை வேறு வகை. விடலைப் பருவத்தில் தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்தும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்குகளிலிருந்தும் செய்த கிட்டாரைத்தான் உலகெங்கும் வாசித்தார். இசைக்காகக் கைவிட்ட வானியற்பியல் ஆராய்ச்சியை முடித்து 2007இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். 'வீ வில் ராக் யூ'வின் அந்தத் தட்-தட்-கைதட்டில் டிரம்ஸே கிடையாது. பலகைகள் மேல் காலால் உதைத்துப் பதிவு செய்து, பெருங்கூட்டம் தட்டுவதுபோல் கேட்பதற்காக ஒலிகளைக் கணக்குப் போட்டுத் தள்ளித் தள்ளி அடுக்கினார். படித்த இயற்பியல் வீண் போகவில்லை.

டீக்கனைத்தான் இந்த விவாதத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கோரஸில் அவர் குரல் கேட்காது. பேட்டிகளில் வாய் திறப்பது அபூர்வம். மின்னணுவியல் பட்டதாரியான அவர் குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்துவந்து சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தார். மேயின் கிட்டார் சில பாடல்களில் வயலின்போலவும் ஊதுகுழல்போலவும் ஒலிப்பது அந்தப் பெட்டியின் தயவால்தான். மனைவிக்காக ஒரு பாட்டு எழுதியபோது, அதற்கு வேண்டிய எலெக்ட்ரிக் பியானோவைத் தொட மெர்குரிக்கு விருப்பமில்லை. டீக்கன் தானே கற்றுக்கொண்டு வாசித்தார்.

தனித் திறமைதான் எல்லாம் என்றால் தனி ஆல்பங்கள் ஓடியிருக்க வேண்டும். 1985இல் மெர்குரி தனியாக வெளியிட்ட 'மிஸ்டர் பேட் கை' குவீன் ஆல்பங்களின் விற்பனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மேயும் டெய்லரும் தனியாகப் போட்டவற்றுக்கும் அதே கதி. மற்ற மூவரும் முட்டுக்கட்டை போட்டதால்தான் மெர்குரி மேலும் வளரவில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

தகராறுக்கு நால்வரும் கண்ட தீர்வு எளிமையானது. 1989இல் வெளிவந்த 'தி மிரக்கிள்' ஆல்பத்திலிருந்து யார் எழுதினாலும் பாட்டு குவீன் பெயரில் என்று முடிவு செய்தார்கள். பணமும் பொதுவானது, சண்டையும் ஓய்ந்தது. அப்போது மெர்குரிக்கு எய்ட்ஸ் நோய் என்பது வெளியுலகுக்குத் தெரியாது.

'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' அந்த ஏற்பாட்டில் வந்த பாடல். பெரும்பகுதியை எழுதியவர் மே. நிற்கவே சிரமப்பட்ட மெர்குரியால் அந்த உச்ச ஸ்தாயியை எட்ட முடியுமா என்று தயங்கியவரும் அவரே. மெர்குரி ஒரு மடக்கு வோட்கா குடித்துவிட்டுப் பாடி முடித்ததாக மே பின்னாளில் சொன்னார். 1991 நவம்பரில், 45 வயதில் மெர்குரி இறந்தார்.

1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜான் அதே பாடலைப் பாட, மூவரும் உடன் வாசித்தார்கள். அதன்பின் டீக்கன் அவர்களோடு மேடை ஏறவில்லை. மேயும் டெய்லரும் வேறு பாடகர்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனபோதும் அவர் வரவில்லை.