முன்கையில் மிச்சமிருக்கும் விரல்கள்

வேட்டி கட்ட இரண்டு கை வேண்டும். லுங்கியை ஒற்றைக் கையால் எப்படியோ சுருட்டிச் செருகிக்கொள்ளலாம். வேட்டியைச் சுற்றி, முனையை இழுத்து இறுக்கி, மடிப்பு வைக்க முடியாது. தேங்காய் உரிக்க, மாட்டைப் பிடித்துக் கட்ட, பூத் தொடுக்க, சேலைக்குக் கொசுவம் வைக்க, பிள்ளைக்குத் தலை பின்ன, எதற்கும் ஒரு கை பிடித்துக்கொள்ள மறு கை வேலை செய்கிறது. அதனால் ஒரு கை போனவருக்குப் பாதி வேலை மிஞ்சும் என்று கணக்குப் போட முடிவதில்லை.

இராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்கே மலை, அடிவாரத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், சுற்றிலும் நெல்லும் கரும்பும் தென்னையும் மாவும். பார்க்க அமைதியான ஊர்தான். ஆனால் இந்தப் பக்கத்துப் பிழைப்புகள் எல்லாமே கையை இயந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பவை. கரும்பு பிழியும் உருளை, கதிரடிக்கும் மெஷின், பஞ்சு ஜின்னிங், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ஆலையின் வழியே பெருகிய நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், சற்றே கிழக்கே சிவகாசியின் வெடிமருந்து. தோப்பில் இரும்புத் துறட்டி மேலே போகும் மின்கம்பியில் பட்டுவிட்டால் சில சமயம் இரண்டு கையையும் எடுக்க வேண்டி வருகிறது. உருளையும் வெடியும் நசுக்கி, சிதைத்துக் கையைக் கெடுக்கின்றன. மின்சாரம் வெளியே சிறு காயமாகத் தெரிய, உள்ளே தசையையும் இரத்தக் குழாயையும் கருக்கிவிடுகிறது.

அந்தக் காலத்தில் இன்னொரு வழியிலும் கை போனது. மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்த சிறுவனுக்கு மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். கட்டு அளவுக்கு மீறி இறுகினால் இரத்தம் ஓடாமல் விரல்கள் கறுத்து அழுகத் தொடங்கும். ஒட்டியிருக்க வேண்டிய எலும்புக்காகப் போய், கையே இல்லாமல் திரும்பியவர்கள் உண்டு. இன்றும் இது முற்றிலும் நின்றபாடில்லை. கட்டுப் போட்ட கையில் விரல் வீங்கி, மரத்துப்போய், நீட்டினாலே உயிர் போகிற வலி எடுத்தால் அந்தக் கட்டை உடனே பிரிக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கை போன பிறகு அன்றைக்கு இருந்தது என்ன? முழுக்கைச் சட்டை, தோளிலிருந்து தொங்கும் துண்டு, பந்தியில் இடக்கையால் சாப்பிட நேரும் கூச்சம். வசதி இருந்தால் தோல் நிறத்தில் ஓர் உறைக்கை கிடைக்கும். அது சட்டைக் கையை நிரப்பும், கும்பிடும்போது ஜோடி சேரும், அவ்வளவுதான். வேலைக்கு என்றால் கொக்கி. அமெரிக்காவின் டோரன்ஸ் 1912இல் வடிவமைத்த இரட்டைக் கொக்கியின் வாரிசுகள்தான் உலகம் முழுக்கப் பரவின. கான்பூரில் 1972இல் மத்திய அரசு அமைத்த அலிம்கோ நிறுவனம் வந்தபின் செயற்கை உறுப்புகள் நம் நாட்டிலேயே பெருமளவில் தயாராயின. கொக்கியை இயக்க எதிர்த்தோளைச் சுற்றி ஒரு வார், அதிலிருந்து ஒரு கம்பி. தோளை முன்னே தள்ளினால் கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கும், விட்டால் ரப்பர் வளையம் மூடும். அழகில்லை என்பார்கள். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கொக்கி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது கம்பியின் இழுப்பாகத் தோளுக்குத் தெரியும். சேற்றில் இறங்கலாம், தண்ணீர் பட்டால் கெடாது, அறுந்தால் சைக்கிள் கடையில்கூடச் சரிசெய்துவிடலாம். ரோட்டரி சங்கங்கள் முகாம்களில் இலவசமாகப் பொருத்தும் எல்என்-4 என்ற பிளாஸ்டிக் கையும் இதுபோல் எளிமையானதே. அதிலும் மோட்டார் கிடையாது, மறு கையால் அழுத்தி விரல்களைப் பூட்ட வேண்டும்.

இன்று வந்திருக்கும் தசைமின் கை வேறொரு உண்மையின் மேல் நிற்கிறது. வாசிப்பவர் இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலது விரல்களை மூடித் திறந்து பார்க்கட்டும். விரல் மடங்கும்போது முன்கையின் உள்பக்கம் திரளும், விரியும்போது வெளிப்பக்கம். விரலை இயக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்குக் கீழே இருந்து நீண்ட கயிறு போன்ற தசைநாண்களால் விரலை இழுக்கின்றன. ஆகவே மணிக்கட்டோடு கையை இழந்தவரிடம் விரல்களின் தசை மிச்சமிருக்கிறது. ‘மூடு’ என்று மனம் நினைத்தால் மூளையின் கட்டளை அங்கே வந்து சேர்கிறது, தசையும் சுருங்குகிறது. இழுப்பதற்கு விரல்தான் இல்லை.

சுருங்கும் தசையில் மின்சாரம் பிறக்கிறது. தோலுக்கு மேல் வந்து சேரும்போது அது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் குறைவு. மூளிக்கையைக் கவ்வி நிற்கும் சாக்கெட்டின் உட்புறத்தில், உள்பக்கத் தசைமேல் ஒன்றும் வெளிப்பக்கத் தசைமேல் ஒன்றுமாக உலோக மின்முனைகள் பதிந்திருக்கும். அவை பிடிக்கும் அந்த நுண்மின்சாரத்தைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கி, வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டி, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து பார்க்கிறது உள்ளே இருக்கும் சில்லு. உள்பக்கத் தசை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மோட்டார் விரல்களை மூடும், வெளிப்பக்கம் தாண்டினால் திறக்கும். மெல்ல இறுக்கினால் மெல்ல, பலமாக இறுக்கினால் வேகமாக. இரண்டையும் ஒருசேரச் சுருக்கினால், பல கைகளில், கட்டளை மணிக்கட்டுக்கு மாறும். அப்போது அதே இரண்டு தசைகள் மணிக்கட்டைச் சுழற்றும். பின்னால் லித்தியம் பேட்டரி, இரவில் சார்ஜ்.

இந்த எண்ணம் பழையது. மியூனிக்கில் இயற்பியல் படித்த ரெய்ன்ஹோல்ட் ரைட்டர் 1948இல் இப்படி ஒரு கையை வெளியிட்டார். வெற்றிடக் குழாய்களால் ஆன கருவி என்பதால் தொழிற்சாலை மேசையை விட்டு நகர முடியாது. டிரான்சிஸ்டர் வந்து எல்லாம் சுருங்கிய பிறகு, 1960ஐ ஒட்டி மாஸ்கோவில் கோப்ரின்ஸ்கியின் குழு உடலில் அணியக்கூடிய கையைச் செய்தது. 2007இல் ஸ்காட்லாந்தின் ஐ-லிம்ப் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மோட்டாரோடு விற்பனைக்கு வந்தது. இறக்குமதிக் கை பல லட்சம் ரூபாய். மும்பையின் கிரிப்பியும் ஐதராபாத்தின் கல்ஆர்மும் அந்த விலையைக் கீழே இறக்க முயலும் இந்தியக் கைகள்.

விலை குறைந்தால் மட்டும் தேவதானத்துக்குக் கை வந்துவிடாது. சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் வியர்வை ஊறினால் மின்முனை தோலில் வழுக்கும், கட்டளை குழம்பும், சூட்டுக் கொப்புளம் வரும். வெளியே போர்த்தும் உறையில் மஞ்சள் கறை பிடித்தால் போகாது. குழம்பு ஊற்றிய சோற்றை அந்தக் கையால் பிசைந்து சாப்பிட முடியாது. பெரும்பாலான கைகளுக்குத் தொடு உணர்வு இல்லை, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வாழைப்பழத்தை நசுக்காமல் எடுக்கப் பழகுவதற்கே பயிற்சி தேவை. முகாமில் மாலை போட்டு, படம் எடுத்து, கையைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பயிற்சியை மறந்தால் அது சில மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும். பிசியோதெரபியும் சாக்கெட் திருத்தமும் இல்லாத தானம் பாதித் தானம்தான்.

வயலுக்குப் போகிறவர் கொக்கியையும், கடைக்கோ அலுவலகத்துக்கோ போகிறவர் தசைமின் கையையும் மாட்டிக்கொள்வது பிற்போக்கு அல்ல. இரண்டும் வைத்திருந்து வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறவர்கள்தான் நன்றாகச் சமாளிக்கிறார்கள்.

கையைக் காப்பாற்றும் வழியிலும் இன்று நிறைய மாறியிருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை மையமும், கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதியின் குழுவும் துண்டான கைகளை மீண்டும் இணைத்துப் பெயர் பெற்றவை. 2018 பிப்ரவரியில் ஸ்டான்லியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த திண்டுக்கல் பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, இறந்தவர் ஒருவரின் கைகள் பொருத்தப்பட்டன. அப்படிப் பெற்ற கைகளுக்காக ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். தன் கையே திரும்பக் கிடைப்பது அதைவிட எவ்வளவோ மேல். துண்டான கையைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் தசை செத்துவிடும். மணிக்கட்டுக்கு மேலே அறுந்த கைக்குச் சுமார் ஆறு மணி நேரம்தான் கெடு. தேவதானத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 100 கிலோமீட்டர், கோவை அதைவிட வெகு தூரம்.

கை திரும்பாது என்று முடிவான அறுவை மேசையில்கூட இன்றைய மருத்துவர் செய்யக்கூடியது உண்டு. முன்கைத் தசையை முடிந்தவரை நீளமாக விட்டு, எலும்போடு பதித்துத் தைக்கலாம். காயம் ஆறும் வாரங்களில், செயற்கைக் கைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, இல்லாத விரல்களை மூடித் திறக்கச் சொல்லிப் பயிற்சி தொடங்கலாம். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து இந்தப் பயிற்சி தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டும், சாக்கெட் வார்த்துத் திருத்தத் தெரிந்த ஒரு தொழில்நுட்பரும், வாரத்தில் ஒரு நாளாவது இராஜபாளையத்துக்கு வந்து உட்கார வேண்டும். வேலை நாளையும் பஸ் காசையும் இழந்து மதுரைக்கு அலைய முடியாதவர்தான் இங்கே கையை அதிகம் இழக்கிறவர்.