மட்டை உங்கள் ஆட்டத்திற்குப் பொருந்துமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆயினும், சில வேளைகளிற் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. பிக்கிள்போல் ஆட்டத்தில், கைக்கு ஒவ்வாத மட்டையை விலைகொடுத்து வாங்கிவிட்டுத் தம் திறமையை நொந்துகொள்வோர் பலர்.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அமெரிக்காவில், சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், 1965ஆம் ஆண்டு கோடையில் ஜோயல் பிரிச்சாட், பில் பெல், பார்னி மக்கலம் என்னும் நண்பர் மூவர் உருவாக்கியது இது. களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். பந்து துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பந்து. வலையின் இருமருங்கிலும் 7 அடி வரையுள்ள பகுதியில் நின்று, பந்தை நிலத்தில் விழுமுன் அடித்தலாகாது. அப்பகுதிக்கு ஆட்டக்காரர் வைத்திருக்கும் பெயர் 'சமையலறை'! நம் வீடுகளிற் போலவே, அங்கும் பெரிய வழக்குகள் யாவும் சமையலறை வாயிலிலேதான் தீர்கின்றன.

ஆதியில் மட்டைகள் ஒட்டுப்பலகையில் அறுத்தெடுக்கப்பட்டன. போயிங் விமானத் தொழிற்சாலையிற் பொறியியலாளராயிருந்த ஆர்லன் பரான்ரோ என்பவர், விமானங்களிற் பயன்படும் தேன்கூட்டு அமைப்புடைய தகடுகளைக்கொண்டு 1984இல் இலேசான மட்டை ஒன்றைச் செய்தார். இன்றைய மட்டையின் உள்ளீடும் பெரும்பாலும் தேன்கூடே. மெழுகுக்குப் பதிலாக பொலிபுரொப்பிலீன். அதன் இருபுறமும் காபன் நாரோ கண்ணாடி நாரோ போர்த்தப்பட்டிருக்கும்.

இனி வடிவத்துக்கு வருவோம். மட்டையின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் 24 அங்குலத்துக்கு மேற்படலாகாது. நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டலாகாது. இதுவே விதி. ஆகையால் நீளத்தில் ஓர் அங்குலம் வேண்டுமென்பவர் அகலத்தில் ஓர் அங்குலத்தை இழக்க நேரிடும். கடைகளிற் காணும் பல்வேறு உருவங்களும் இந்தக் கொடுக்கல் வாங்கலிற் பிறந்தவையே.

நீள மட்டை பொதுவாக 16½ அங்குல நீளமும் 7½ அங்குல அகலமும் உடையது. எட்டாத பந்தை எட்டும். நுனி கையிலிருந்து தூரமாயிருப்பதால் அதே வீச்சில் அதிக வேகங் கொள்ளும். டெனிஸ் ஆடிப் பழகி, பின்கோட்டில் நின்று ஓங்கி அடிப்போருக்கு இது உவப்பானது. ஆனால் எடை முன்னே தள்ளி நிற்பதால், வலையருகே பந்து மின்னலென வரும்போது திருப்புவதற்குச் சுணங்கும்.

அகன்ற மட்டை 16 அங்குலம், 8 அங்குலம். அரை அங்குலந்தானே என்று எண்ணாதீர்கள். பந்து நடுவில் விழாமல் ஓரத்தில் விழும்போது மட்டை கையிலே முறுகப் பார்க்கும். அம்முறுக்கை எதிர்க்கும் ஆற்றல் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர். எடையும் அது பரந்திருக்கும் விதமும் ஒன்றாயின், இந்த அரை அங்குலம் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு உறுதியைக் கூட்டுகிறது. புதிதாகப் பழகுவோரின் பந்துகள் ஓரத்திலேதான் அதிகம் விழும். அப்படியிருக்க, வெற்றி வீரர் பலர் நீள மட்டை ஏந்துகின்றனர் என்பதற்காகத் தாமும் அதையே நாடுவது வீண்செலவு.

தடிப்புக்கு விதியில் எல்லை இல்லை. எனினும் வழக்கிலுள்ளவை பெரும்பாலும் 13, 14, 16 மில்லிமீற்றர். தடித்த உள்ளீடு பந்தின் வேகத்தைச் சற்று உள்வாங்கிக்கொள்ளும். எதிரி ஓங்கி அடித்த பந்தையும் சமையலறைக்குள் மெல்ல இறக்கிவிடலாம். மெல்லிய மட்டையிற் பட்ட பந்து சடுதியில் தெறித்துச் செல்லும். மேசைப்பந்து ஆடிக் கைவேகம் பெற்றவர் அதை விரும்புவர்.

உங்கள் ஆட்டம் எவ்வகையது என்பதை அறிய, வென்ற புள்ளிகளைவிட இழந்த புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். மென்மையாகத் தட்டிய பந்தும் உயர எழும்பி எதிரிக்கு விருந்தாகிறதா? 16 மில்லிமீற்றரை நாடுங்கள். மட்டை கையிற் சுழல்கிறதா? அகலம் வேண்டும். பந்து எட்டாமலே போகிறதா? அப்போது நீளத்தைப் பற்றி யோசிக்கலாம். எதுவும் துலங்காவிடின், அகன்ற 16 மில்லிமீற்றர் மட்டையே முதல் மட்டையாகத் தகும் என்பது என் துணிபு.

எடை பெரும்பாலும் 7½ முதல் 8½ அவுன்ஸ் வரை. முழங்கையில் நோவுள்ள பெரியவர்கள் இரவல் மட்டையில் ஒரு மாலைப்பொழுதாவது ஆடிப் பாராமல் வாங்கவேண்டாம்.

கைப்பிடியின் சுற்றளவு 4 அங்குலத்திலிருந்து 4½ அங்குலம் வரை கிடைக்கும். ஐயமேற்பட்டாற் சிறியதையே வாங்குங்கள். பட்டி சுற்றிப் பருமனாக்கலாம். பருத்ததை இளைக்கச் செய்வது எளிதன்று.