மலிவும் உறுதியும் கூடிய மென்சவ்வு

கண்டியின் ஹந்தானை மலைச்சாரலில், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோற்றம்பெற்ற தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனமும், மகாவலிக் கரையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகமும், திண்மப் பொருள்களினூடே அயன்கள் சஞ்சரிக்கும் விந்தையை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றன என்பதும், பேராசிரியர் லக்ஷ்மன் திசாநாயக்க முதலானோரின் உழைப்பால் இங்கு செழித்த இத்துறையின் பத்தாவது ஆசிய மகாநாடு 2006 ஆம் ஆண்டு யூன் மாதம் கண்டியிலேயே கூடிற்று என்பதும் நம்மவர் பெருமையுடன் அறியவேண்டிய செய்திகளாகும். அவ்வாராய்ச்சி பெரும்பாலும் மின்கலங்களையும் சூரியக் கலங்களையும் பற்றியதே. எனினும், ஐதரசன் எரிபொருட் கலத்தின் உயிர்நிலையான மென்சவ்வும் அதே சாஸ்திரத்தின்பாற் பட்டது.

அக்கலத்தில் ஐதரசன், பிளாற்றினம் பூசிய மின்வாயிலே புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிய, மென்சவ்வு புரோத்தனை மாத்திரம் தன்னூடே செல்லவிடுகின்றது. வழி மறுக்கப்பட்ட இலத்திரன் வெளிக்கம்பியைச் சுற்றிச் செல்வதே நமக்கு மின்சாரமாகிறது. மறுபுறத்தில் இரண்டும் ஒட்சிசனுடன் கூடி நீராகின்றன. 1960களில் டூபொண்ட் கம்பனியார் ஆக்கிய நஃபியன் என்னும் புளோரின் கலந்த பல்பகுதியமே இத்தொழிலுக்கு இன்றுவரை உரைகல்லாக விளங்குகின்றது. அதன் ஆக்கமுறை பல படிகளை உடையதாதலின் விலையும் அதிகம். ஈரம் வற்றினால் அதன் கடத்துதிறனும் குன்றிவிடும்.

புளோரினை நீக்கிய பல்பகுதியங்களும், இறால் ஓட்டினின்று கிடைக்கும் கைற்றோசானும் மலிவானவையே. ஆயினும் மழையில் ஊறி வெயிலில் காயும் கதவுப் பலகைபோல, கலம் இயங்கும்போது நீரேறிப் பருத்தும் ஓயும்போது உலர்ந்து சுருங்கியும் வருகின்ற, இவற்றாலான சவ்வுகள் நாளடைவில் வெடித்துவிடுகின்றன. ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கினும் மெல்லிய சவ்வில் நுண்துளை ஒன்று விழுந்தாலும் ஐதரசன் நேரே மறுபுறம் கசிந்துவிடும். இரும்பு அயன் சிறிதளவு கலந்தாலும் போதும். கலத்தில் உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டு சிதைந்து, சவ்வை அரிக்கும் உக்கிரமான துணிக்கைகளைப் பிறப்பிக்கும். சீரியம் சேர்த்து இவ்வழிவைத் தணிக்கிறார்கள்.

பாரவண்டிக்கான கலம் 25,000 மணி நேரம் உழைக்கவேண்டுமென அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் இலக்கு வகுத்திருப்பதைக் கருதினால், விரைவில் அழியும் மலிவுச் சவ்வு உண்மையில் மலிவன்று என்பது விளங்கும். ஆதலால் சவ்வின் விலையை அதன் ஆயுளோடு சேர்த்தே எடைபோடல் வேண்டும். அயன்களின் இயல்பை நன்கறிந்த ஆராய்ச்சியாளரைக் கொண்ட கண்டியில், பொறுமையோடு நீண்டகாலம் நடத்தவேண்டிய இச்சோதனைகளுக்கு அரசாங்கம் நிதி வழங்குவதும், இரசாயனம் பயிலும் நம் மாணாக்கர் இத்துறையை நாடிச் செல்வதும் இக்காலத்தின் அவசியமான கடமைகளாகும்.