உபாத்தியாயர் கேட்கும் கேள்வி

விசேஷ உதவி வேண்டிய பிள்ளைகளை ஏனைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்றால், நமது தேசத்து உபாத்தியாயர்களில் பலர் தயங்குகின்றனர். "நாற்பது பேருக்கு நடுவே காது கேளாத ஒரு குழந்தைக்கு எவ்விதம் பாடம் சொல்வது? அவ்வித்தையை எமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?" என்பதே அவர்கள் கேள்வி. இதனைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, இப்பிள்ளைகளைப் பாரபட்சமின்றிச் சேர்த்துக்கொள்ளும்படி விதிக்கிறது. அவர்களுக்கென விசேஷப் பயிற்சி பெற்ற உபாத்தியாயர், ஆரம்ப வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவரும், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவரும் வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. அப்பதவிகளை நிர்ணயித்து நியமனம் செய்யுமாறு 2025-ல் அதே கோர்ட்டு மாநில சர்க்கார்களுக்கு மறுபடியும் கட்டளையிட நேர்ந்தது. குறை எங்குள்ளது என்பதற்கு வேறு சாட்சியமும் வேண்டுமோ?

எனினும் உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கேள்வியைச் சர்க்காரிடம் எழுப்ப உங்களுக்குப் பூரண பாத்தியதை உண்டு. விடை வரும்வரை குழந்தையை வாயிலில் நிறுத்திவைக்கும் பாத்தியதை எவருக்கும் இல்லை. பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை.

தேச ஊழியர்கள் தத்தம் ஊர்ப் பாடசாலைக்குச் சென்று, விசேஷ உபாத்தியாயர் உளரா என்று விசாரிப்பாராக. இல்லையெனில், உபாத்தியாயரையும் பெற்றோரையும் ஒருங்கு சேர்த்துக்கொண்டு அதிகாரிகளிடம் முறையிடுவாராக.